புகையில்லா அடுக்களையும் அறிஞர் குமரப்பாவும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன், காட்டூர்)

உணவின்றிச் சில வாரங்கள் வாழலாம். நீரின்றிச் சில நாட்கள் வாழலாம். காற்றின்றிச் சில நிமிடங்கள்கூட வாழ இயலாது. இது தொடக்கப் பள்ளியிலேயே நாம் படித்த பாடம். அரிசியில் கல் பொறுக்குகிறோம். காவிரித் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். ஆனால் வீட்டுக்குள் நாம் சுவாசிக்கும் காற்று எப்படிப்பட்டது என்று ஒரு நாளாவது எண்ணிப் பார்க்கிறோமா? சாலையில் லாரி புகை கக்கினால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாம், நம் வீட்டு அடுக்களையில் நாள்தோறும் எழும் புகையைக் கண்டுகொள்வதே இல்லை. அந்தப் புகையைப் போக்குவதையும் நாட்டுப் பணிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்ட ஒரு சங்கம் இந்த நாட்டில் இருந்தது. அதை முன்னின்று நடத்தியவர் நம் சோழ மண்டலத்து மண்ணில் பிறந்த ஒரு தமிழர். அவர்தான் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா.

அவரைப் பற்றி நான் அறிய நேர்ந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் காட்டூர். திருச்சியிலிருந்து தஞ்சை செல்லும் நெடுஞ்சாலையில், அரியமங்கலத்துக்கும் திருவெறும்பூருக்கும் இடையே இருக்கிறது. அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் எரிவாயு அடுப்பு இருக்கிறது. ஆனால் அது தேநீருக்கும், அவசரத்துக்கும், விருந்தாளிக்கும் மட்டுமே. சோறும் வெந்நீரும் விறகடுப்பில்தான். ஒரு சிலிண்டர் மூன்று மாதம் வந்தால்தான் என் கல்லூரிச் செலவுக்குக் கை கொடுக்கும் என்பது அம்மாவின் கணக்கு. அப்பா வேலை செய்யும் இடங்களிலிருந்து கொண்டுவரும் சென்ட்ரிங் பலகைத் துண்டுகளே எங்களுக்கு விறகு. அடுக்களைக்கு ஒரே ஒரு சிறு ஜன்னல். அதையும் பூனை வருகிறது என்று சாக்கு போட்டு அடைத்திருந்தோம்.

சென்ற ஆண்டு மார்கழியில் அப்பாயிக்கு இருமல் மிகுந்து மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, பாட்டி பீடி குடிப்பாரா என்பது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து, எத்தனை ஆண்டுகளாக விறகடுப்பில் சமைக்கிறார் என்று கேட்டார். வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் என்று அப்பாயி சொன்னார். அம்மா கணக்குப் போட்டுப் பார்த்து ஐம்பது ஆண்டு என்றார். அந்தச் சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று. ஏனெனில் இப்போது அந்த அடுப்பின் முன்னே உட்கார்ந்திருப்பவர் அம்மா. கல்லூரி நூலகத்தில் விறகடுப்பைப் பற்றித் தேடப் புகுந்தபோதுதான் குமரப்பா என்ற பெயரைக் கண்டேன். எங்கள் வீட்டு வாசலைக் கடந்து போகும் அதே சாலையில், ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊரில் பிறந்தவர் அவர் என்பதை அன்றுவரை நான் அறிந்திருக்கவில்லை.

பிறப்பும் கல்வியும்

1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் குமரப்பா பிறந்தார். அவருக்கு முதலில் இருந்த பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். குமரப்பா என்பது குடும்பத்தின் பழைய பெயர். பிற்காலத்தில் அதையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். தந்தையார் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். வசதியும் ஒழுங்கும் நிறைந்த வீடு. மைந்தர் மேல்நாடு சென்று கணக்கியல் கற்று வர வேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வாறே இலண்டன் சென்று பயின்று, தணிக்கையாளராகத் தேர்ந்து, 1919இல் தாயகம் திரும்பிப் பம்பாயில் தொழில் நடத்தினார். மேனாட்டு உடை, மேனாட்டு நடை, கையில் ஒரு கைத்தடி. அன்றைய குமரப்பாவைக் கண்டவர் எவரும், இவர் பிற்காலத்தில் களிமண் அடுப்பைப் பற்றிக் கவலைப்படுவார் என்று கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

1927இல் அமெரிக்கா சென்றார். 1928இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். (நானும் பி.எஸ்ஸி.க்குத்தான் படிக்கிறேன் என்பதில் எனக்கொரு சிறு மகிழ்ச்சி!) பின்னர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியலைப் பேராசிரியர் செலிக்மனிடம் கற்றார். அக்காலத்தில் இந்தியா ஏன் வறுமையில் வாடுகிறது என்பது பற்றி ஒரு தேவாலயத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவு நாளிதழில் வெளிவந்தது. அதைப் படித்த பேராசிரியர், அதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு தூண்டினார். ஆங்கில அரசின் வரவு செலவுக் கணக்குகளைப் புரட்டப் புரட்டக் குமரப்பாவின் கண் திறந்தது. நாட்டின் வறுமை ஊழ்வினையன்று. தவறான கணக்கின் விளைவே என்று தெளிந்தார்.

மரத்தடிச் சந்திப்பு

அந்த ஆராய்ச்சியை வெளியிடும் பொருட்டுக் காந்தியடிகளைக் காணச் சபர்மதி ஆசிரமத்துக்கு 1929ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் சென்றார். மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் ஒரு முதியவர் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட குமரப்பா, அவர் நூற்பதைச் சிறிது நேரம் வேடிக்கை பார்த்து நின்றார். அவரே காந்தியடிகள் என்று பின்னர்தான் தெரிந்தது. உடனே அந்த மேனாட்டு உடையுடனேயே தரையில் அமர்ந்துவிட்டார். அன்று தரையில் அமர்ந்தவர், தம் வாழ்நாள் முழுவதும் ஏழை மக்களின் தரையிலேயே அமர்ந்திருந்தார் எனலாம்.

காந்தியடிகள் அவரிடம் ஒப்படைத்த பணி, குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள மாத்தர் வட்டத்துக் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராய்வது. குஜராத்தி மொழி தமக்குத் தெரியாதே என்று தயங்கினார் குமரப்பா. குஜராத் வித்யாபீட மாணவர்கள் துணைக்கு வந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குச் சென்று, உழவர்களின் வரவு என்ன, செலவு என்ன, கடன் என்ன, வரி என்ன என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். அந்த ஆய்வு 1931இல் நூலாக வெளிவந்தது. ஏழையின் வீட்டுக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு, அதை யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் நாட்டின் உண்மை நிலை விளங்கும் என்பது அவர் வாழ்வின் அடிப்படைக் கொள்கை ஆயிற்று. உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் காந்தியடிகளின் இதழான யங் இந்தியாவை நடத்தும் பொறுப்பையும் ஏற்றுச் சிறை சென்றார்.

கணக்கில் அவர் எத்தகைய கண்டிப்பு உடையவர் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். 1934ஆம் ஆண்டு ஜனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. நிவாரண நிதியின் கணக்குகளைக் குமரப்பா கவனித்தார். காந்தியடிகளும் உடன் வந்தவர்களும் அங்கே தங்கியபோது, அவர்களுடைய உணவுச் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று மறுத்துவிட்டார்! துயருற்ற மக்களுக்காக வந்த பணம் அவர்களுக்கே செல்ல வேண்டும் என்பதில் அவர் அணுவளவும் பிசகவில்லை. காந்தியடிகளும் அதைப் பாராட்டி ஏற்றுக்கொண்டார்.

மகன்வாடி

அதே 1934ஆம் ஆண்டு டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் தொடங்கப்பட்டது. அதன் செயலாளர் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். சங்கத்தின் இருப்பிடம் மகன்வாடி. இப்பெயரைத் தமிழில் படிக்கும்போது மைந்தன் என்று பொருள் கொள்ள வேண்டா. காந்தியடிகளின் உறவினரும் ஆசிரமப் பணிகளில் அவருக்கு வலக்கையாக விளங்கியவருமான மகன்லால் காந்தி 1928இல் மறைந்தார். அவர் நினைவாக இட்ட பெயரே இது. 1938இல் அங்கே மகன் சங்கிரகாலயம் என்ற அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

மகன்வாடியில் நடந்தது என்ன? செக்கில் எண்ணெய் ஆட்டுவது, கையால் காகிதம் செய்வது, நெல் குத்துவது, பனைவெல்லம் காய்ச்சுவது, தேனீ வளர்ப்பது ஆகியவற்றையெல்லாம் ஆராய்ந்து, கருவிகளைத் திருத்தி, கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். ஆய்வுக்கூடம் என்றதும் கண்ணாடிக் குடுவைகள் நினைவுக்கு வரும் நமக்கு, செக்கும் உரலும் ஆய்வுப் பொருள்களாக இருந்த கூடம் வியப்பாகத்தான் தோன்றும். நாள்தோறும் கோடிக்கணக்கானோர் கையாளும் பொருளைவிட ஆராயத் தக்கது வேறென்ன இருக்கிறது?

விளக்கையும் அவர்கள் விடவில்லை. அன்று கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கே மிகுதி. அதன் புகை படிந்த கண்ணாடியை மாலைதோறும் சாம்பல் போட்டுத் துடைக்க வேண்டியிருந்ததை எங்கள் அப்பாயி இன்றும் சொல்வார். கிராமத்திலேயே கிடைக்கும் தாவர எண்ணெயில் எரியும் ஒரு விளக்கை அமைத்து, அதற்கு மகன் தீபம் என்று பெயரிட்டார்கள். மண்ணெண்ணெய்க்காகக் கிராமத்துப் பணம் கடல் கடந்து செல்வதைத் தடுப்பதே அன்று முதன்மையான நோக்கம். வீட்டுக்குள் மண்ணெண்ணெய் எரிப்பது உடல் நலத்துக்கு ஏற்றதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் அறிவுறுத்தியதை நினைக்கும்போது, அந்த விளக்குக்கு இன்னொரு மதிப்பும் இருந்தது தெரிகிறது.

புகையில்லா அடுப்பு

அடுத்து அவர்கள் கைவைத்தது அடுப்பில். மகன்வாடியில் உருவான புகையில்லா அடுப்பு, மகன் சூலா என்ற பெயரில் 1947ஆம் ஆண்டளவில் நாட்டுக்கு அறிமுகமாயிற்று. சூலா என்றால் இந்தியில் அடுப்பு. அதன் அமைப்பு மிக எளியது. நம் வீடுகளில் பெரிய அடுப்போடு கொடியடுப்பும் சேர்த்துப் போடுவது வழக்கமல்லவா? ஓர் அடுப்பில் எரியும் தீயின் அனல் உள்வழியே சென்று அடுத்த பாத்திரத்தையும் சூடாக்கும். புகையில்லா அடுப்பிலும் அப்படியே. விறகு வைக்கும் வாய் ஒன்று, பாத்திரம் வைக்கும் குழிகள் இரண்டு அல்லது மூன்று, அவற்றை இணைக்கும் உள்வழி. ஆனால் கொடியடுப்பில் இல்லாத ஒன்று இதில் உண்டு. உள்வழியின் முடிவில் ஒரு புகைபோக்கி சுவரையோ கூரையையோ கடந்து வெளியே செல்கிறது. பாத்திரங்கள் குழிகளில் நன்றாகப் பொருந்தி அமர்ந்திருந்தால், புகைக்குப் போக வேறு வழி கிடையாது.

புகை ஏன் அவ்வழியே செல்ல வேண்டும்? சூடான காற்று விரிந்து எடை குறைகிறது. எடை குறைந்த காற்று புகைபோக்கியில் மேலே ஏறும்போது, அடுப்பின் வாய் வழியே புதுக்காற்று தானாக உள்ளே இழுக்கப்படுகிறது. ஊதாங்குழலின் வேலையைப் புகைபோக்கியே செய்துவிடுகிறது. இழுப்பு மிகுந்தால் அனல் வீணாகும் என்பதற்காக இடையே ஓர் அடைப்புத் தகடு வைத்துக் கூட்டவும் குறைக்கவும் செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அடுப்பு களிமண்ணால் ஆனது. வீட்டுப் பெண்களே செய்யலாம். உடைந்தால் அவர்களே மெழுகிச் சரிசெய்யலாம். வாங்கக் கடன் வேண்டாம், பழுதுபார்க்க நகரத்திலிருந்து ஆள் வர வேண்டாம். கிராமத்து மக்கள் தங்கள் பொருளால், தங்கள் கையால், தங்கள் தேவையை நிறைவு செய்துகொள்ள வேண்டும் என்ற குமரப்பாவின் பொருளியல் முழுவதும் அந்த ஓர் அடுப்பில் அடங்கியிருந்தது என்றால் அது மிகையாகாது.

சிறையும் நூலும்

1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் குமரப்பா மீண்டும் சிறைப்பட்டார். ஜபல்பூர்ச் சிறையில் இருந்த நாட்களில் அவர் எழுதியதே நிலைத்த பொருளாதாரம் பற்றிய புகழ்பெற்ற நூல். இயற்கையிலிருந்து எடுப்பதைவிடத் திருப்பிக் கொடுப்பது மிகுந்தால் அந்தப் பொருளாதாரம் நிலைக்கும். எடுப்பதே தொழிலானால் அது தானும் அழிந்து பிறரையும் அழிக்கும் என்பது அந்நூலின் சாரம். ஒரு பொருளின் விலையில், அதைச் செய்தவர் பட்ட துன்பமும் அடங்கியிருக்கிறது. வாங்குபவன் அதற்கும் பொறுப்பாளி என்று அவர் வற்புறுத்தினார். சுற்றுச்சூழல் என்ற சொல்லே பரவாத காலத்தில் எழுதப்பட்ட நூல் அது. பின்னாளில், 1973இல், சிறியதே அழகு என்னும் கருத்தால் உலகப் புகழ் பெற்ற பொருளியல் அறிஞர் ஷுமாக்கர் தம் நூலில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டார். வெளிநாட்டார் நினைவுபடுத்திய பிறகே நாம் திரும்பிப் பார்த்தோம் என்பது வருந்தத் தக்கது.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக இருந்து 1949இல் அறிக்கை அளித்தார். நாடு பெரிய ஆலைகளின் பாதையில் விரைந்தது. குமரப்பாவின் குரல் தனிக்குரல் ஆயிற்று. இறுதி ஆண்டுகளில் தமிழகத்துக்கே திரும்பி, மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு குடிலில் வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை, சொத்து என்று எதுவும் சேர்க்கவில்லை. அக்குடிலுக்கு வினோபா பாவே வந்தபோது, சுவரில் காந்தியடிகளின் படத்தையும் ஓர் ஏழை உழவனின் படத்தையும் கண்டாராம். முன்னவர் தம் குரு என்றும், பின்னவன் தம் குருவுக்கே குரு என்றும் குமரப்பா விளக்கினாராம். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், மதுரையில் குமரப்பாவின் உயிர் பிரிந்தது.

புகையின் வேதியியல்

குமரப்பாவின் காலத்தில் புகையின் தீமையை எரியும் கண்ணும் இருமும் நெஞ்சும் மட்டுமே அறிந்திருந்தன. இன்று அறிவியல் அதை அளந்து சொல்கிறது. வேதியியல் மாணவன் என்ற முறையில் இங்கே சில சொற்கள். விறகு முழுமையாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் மட்டுமே மிஞ்ச வேண்டும். ஆனால் ஈர விறகும் போதாத காற்றும் சேரும்போது எரிதல் அரைகுறையாகிறது. கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு, கரித்துகள் எல்லாம் வெளிவருகின்றன. கார்பன் மோனாக்சைடு நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் சேர்ந்துகொள்கிறது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள்களோ நம் தலைமயிரின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கே உள்ளவை. மூக்கின் மயிரிலும் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசி அறை வரை சென்று தங்கிவிடுகின்றன. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய், பக்கவாதம், கண்புரை, குழந்தைகளுக்கு நிமோனியா எனப் பல நோய்களுக்கு இவை காரணமாகின்றன. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

நம் தமிழகத்துச் சிற்றூர்களிலேயே சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. நுரையீரல் வரை செல்லக்கூடிய நுண்துகள்களை 24 மணி நேரச் சராசரியாக அளந்தார்கள். விறகு போன்றவற்றை எரிக்கும் வீடுகளில் சமைப்பவர் சுவாசித்த காற்றில் ஒரு கன மீட்டருக்கு 231 மைக்ரோகிராம். சமையலில் ஈடுபடாதவருக்கு 90. தூய எரிபொருள் பயன்படுத்தும் வீட்டாருக்கு 82. இந்த மூன்று எண்களையும் நான் பலமுறை படித்தேன். ஒரே கூரை, ஒரே சோறு. ஆனால் ஆக்கிப் போடுபவருக்கு 231, உட்கார்ந்து உண்பவருக்கு 90! மாத்தர் வட்டத்தில் குமரப்பா எழுதிய கணக்கைப் போலவே இதுவும் ஏழை வீட்டின் கணக்குத்தான். இருபது ஆண்டுகளாக நான் 90இல் உட்கார்ந்து உண்டிருக்கிறேன்.

புகையில்லா அடுப்பைப் பரப்ப மைய அரசு 1980களில் ஒரு தேசியத் திட்டம் தொடங்கி 2002 வரை நடத்தியது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. ஆயினும் பல வீடுகளில் புகைபோக்கி கரியால் அடைபட்டது. அடுப்பு விரிசல் கண்டது. மக்கள் பழைய அடுப்புக்கே திரும்பினர். பிற்காலத்தில் ஒடிசாவில் திருந்திய அடுப்புகளைப் பற்றி நடந்த ஓர் ஆய்விலும், முதலாண்டில் குறைந்த புகை பின்னர் மீண்டும் பழைய நிலைக்கே வந்ததும், முறையான பயன்பாடும் பராமரிப்பும் இல்லாமையே காரணம் என்பதும் தெரியவந்தது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு கிடைத்தது. எனினும் 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் நூற்றில் சுமார் 59 வீடுகளே சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்தின. இணைப்பு வேறு, பயன்பாடு வேறு. இதற்கு எங்கள் வீட்டைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கு

குமரப்பாவைப் படித்து முடித்த அன்று ஒரு பழைய நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டேன். விறகால் மிச்சமான சிலிண்டர் பணத்தை ஒரு பக்கம் எழுதினேன். அப்பாயியின் மருந்து, ஆட்டோ கூலி, ஆஸ்பத்திரியில் காத்திருந்த இரண்டு நாட்களில் அப்பா இழந்த கூலி ஆகியவற்றை மறுபக்கம் எழுதினேன். மறுபக்கமே கனத்தது. அதிலும் அம்மாவின் கண் எரிச்சலுக்கு என்ன விலை போடுவது என்று தெரியாமல் அந்த வரியை வெறுமனே விட்டுவிட்டேன். என் படிப்புக்காக மிச்சம் பிடித்த புகை அது என்பதை எண்ணியபோது நெஞ்சு அடைத்தது.

நோட்டை அப்பாவிடம் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. எத்தனையோ வீடுகளுக்கு அடுக்களையும் புகைக்கூண்டும் கட்டிய கை அவருடையது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாமல், ஜன்னலில் இருந்த சாக்கைப் பிய்த்து எறிந்து கம்பி வலை அடித்தார். எதிர்ச் சுவரின் மேற்புறத்தில் இரண்டு செங்கல் அளவுக்குத் துளை விட்டார். விறகடுப்பைப் பின்கொல்லைக்கு மாற்றி, களிமண்ணால் இரண்டு குழி அடுப்பு போட்டு, ஒரு குழாயைப் புகைபோக்கியாக நிறுத்தினார். எண்ணெய் பூசிய சென்ட்ரிங் பலகையை எரிப்பதை விட்டோம். சோறு இப்போது எரிவாயுவில் ஆகிறது. வெந்நீருக்கு மட்டுமே விறகு. மாதம் ஒருமுறை புகைபோக்கியின் கரியைத் தட்டுவது என் வேலை. சிலிண்டர் முன்போல் மூன்று மாதம் வருவதில்லை. விடுமுறை நாட்களில் அப்பாவோடு சித்தாள் வேலைக்குப் போய் அந்தக் குறையை ஈடுகட்டுகிறேன்.

அப்பாயியின் இருமல் முற்றிலும் நின்றுவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை. ஐம்பது ஆண்டுப் புகை ஓராண்டில் அகலாது. ஆனால் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சோறு வடிக்கும் காட்சி எங்கள் வீட்டில் இப்போது இல்லை.

நண்பர்களே, வீட்டுக் காற்றைக் கெடுப்பது அடுப்பு மட்டுமன்று. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. அதைக் கொளுத்திவிட்டுக் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு குழந்தைகளோடு உறங்குகிறோம். கொசுவலை கட்டினால் கொசுவும் வராது, புகையும் இல்லை. சாம்பிராணி போடும் நாளில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டுக்குள் புகைபிடிப்பவரை வெளியே செல்லச் சொல்லுங்கள். அவர் யாராயினும் சரி. எரிவாயு அடுப்பு எரியும்போதும் காற்று வெளியே செல்ல வழி வேண்டும். சுவரில் ஈரமும் பூஞ்சையும் படர்ந்தால் சுண்ணாம்பு அடித்து மறைக்காமல், கசிவை அடையுங்கள். எதிரெதிராக இரண்டு திறப்புகள் இருந்தால் காற்று தானே வந்து தானே செல்லும். அதற்கு மின்சாரம் வேண்டாம், பணமும் வேண்டாம்.

இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் அடுக்களைச் சுவரை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அங்கே படிந்திருக்கும் கரியே நம் வீட்டின் எழுதப்படாத கணக்குப் புத்தகம். அந்தக் கணக்கைச் செலுத்திக்கொண்டிருப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அவர் நம்மைக் கல்லூரிக்கு அனுப்பியவராகவே இருப்பார். அவருடைய மூச்சைக் காப்பதே, தஞ்சையில் பிறந்து ஏழை மக்களின் கணக்கை எழுதிக் கல்லுப்பட்டிக் குடிலில் இறுதி ஆண்டுகளைக் கழித்த அறிஞர் குமரப்பாவுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.